மைத்துனரின் வலது கைக்கு நான் போட்ட குறியீடு

நான் யாரையும் நம்பாதவன் என்று என் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. தேதி, நேரம், கையெழுத்து மூன்றும் இருந்தால் நான் யாரையும் நம்புவேன். வெறும் வாயால் சொன்னால் மட்டும் சற்று யோசிப்பேன். அப்படி யோசித்ததால் ஒருமுறை, என் சொந்த வீட்டு வாசலில், ஏறத்தாழ அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க என் மானம் போனது. அதை இங்கே முழுதாக ஒப்புக்கொள்கிறேன். இதில் வரும் நேரங்கள் எல்லாம் என் நாட்குறிப்பிலிருந்து எடுத்தவை. அவை சரியாகவே இருக்கும். தவறாக இருந்தது நான் மட்டும்தான்.

சந்தேகம் எனக்குப் பரம்பரைச் சொத்து. ஆயர் தாவார் என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அப்பா கிராணியாக, அதாவது தோட்டத்து எழுத்தராக, இருந்தார். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் வாசிப்பது அவர் வேலை. “வயித்து வலி கிராணி” என்று ஒருவர் சொன்னால் அப்பா வயிற்றைப் பார்க்கமாட்டார். முகத்தைப் பார்ப்பார். பிறகு பக்கத்துத் தோட்டத்தில் அன்றைக்குத் திருவிழா ஏதும் இருக்கிறதா என்று யோசிப்பார். அந்தத் தோட்டம் இப்போது முழுவதும் செம்பனை. அப்பாவின் பார்வை மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது.

நானும் கிட்டத்தட்ட அதே வேலைக்குத்தான் போனேன். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக நோய்களுக்குக் குறியீடு போடுகிறேன். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய கோப்பு என் மேசைக்கு வரும். மருத்துவர் எழுதியிருப்பதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உலகம் முழுவதும் வழங்கும் ஓர் எழுத்தையும் சில எண்களையும் பதிவு செய்ய வேண்டும். இந்த வேலையில் ஒரே ஒரு விதிதான் முக்கியம். மருத்துவர் எழுதியதற்கு மட்டுமே குறியீடு. சந்தேகம் இருந்தால் கோப்பை அவருக்கே திருப்பி அனுப்பிக் கேட்க வேண்டும். நாமாக நோயைக் கண்டுபிடிக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வந்த பிரேமா என்ற பெண்ணுக்கு இதை நான் வாரம் இருமுறை சொல்லிக்கொடுத்தேன். (அவள் வாரம் இருமுறை கொட்டாவி விட்டாள்.)

கையில் பலவீனம் என்பது எங்களுக்கு எப்போதும் தொல்லை தரும் விஷயம். பக்கவாதத்தால் வந்த பலவீனம் என்று எழுதினால் அதற்கொரு குறியீடு. நரம்பு அழுந்தியதால் என்றால் வேறொன்று. ஒரு கை முழுவதும் செயலிழந்தது என்றால் G83.2. காரணமே எழுதாமல் ‘கையில் பலமில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் அவசரக்கார மருத்துவர்களுக்காக R29.8 என்று ஒன்று உண்டு. இதர அறிகுறிகளை எல்லாம் போட்டு வைக்கும் பெட்டி அது.

இன்னொரு குறியீடும் உண்டு. Z76.5. நோய் இருப்பதாக வேண்டுமென்றே நடிப்பவர் என்று பொருள். இருபத்தாறு ஆண்டுகளில் எந்த மருத்துவரும் ஒரு கோப்பில்கூட அதை எழுதியதில்லை. ஒருமுறையாவது அதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்திருக்கிறது போலும்.

இனி என் மைத்துனன் பாலா. என் மனைவி வசந்தாவின் ஒரே தம்பி. ஆயர் தாவாரில் சொந்தமாக முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, ஒரு வலது கை. அதுதான் அந்தக் கடை. எங்கள் மகள் திவ்யாவின் நிச்சயதார்த்தத்துக்கு உதவி செய்ய, கடையைச் சாத்திவிட்டு ஐந்து நாள் முன்னதாகவே பஸ் பிடித்து ஈப்போவுக்கு வந்தான்.

அவன் மேல் சந்தேகப்பட எனக்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரோடு பேசி முடிக்கும்போது நாங்கள் பாலாவைக் கேட்கவில்லை. பேசி முடித்துவிட்டுத்தான் சொன்னோம். தாய்மாமனைக் கேட்காமல் பெண்ணைக் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் சாதாரணக் குற்றமில்லை. தொலைபேசியில் சொன்னபோது, “அப்படியா மச்சான், நல்லது மச்சான்” என்றான். இரண்டு ‘மச்சான்’களுக்கும் நடுவில் நான்கு வினாடி இடைவெளி இருந்தது. அதைக் குறித்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் வந்து இறங்கினான். நல்ல சளி. அக்காள் சோறு போட்டாள். சளி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஹாலில் தூங்கிவிட்டான். நான் அன்று விடுப்பில் இருந்தேன். அவன் எழுந்ததும் கொடுப்பதற்காக, செய்ய வேண்டிய வேலைகளைக் கணினியில் அச்சடித்து வைத்திருந்தேன். கெனோப்பிக் கூடாரத்துக்கு ஆள் பார்ப்பது, நாற்காலி இறக்குவது, வாழைமரம் கட்டுவது என்று மொத்தம் பதினேழு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம், கையெழுத்துப் போட ஒரு கட்டம்.

அன்றைய நாட்குறிப்பு இப்படிச் சொல்கிறது. 4.25: பாலா எழுந்தான். 4.28: பட்டியலைக் கொடுத்தேன். 4.31: வலது கையில் பலமில்லை என்றான்.

மூன்று நிமிடம்! பக்கவாதம்கூட அவ்வளவு சரியாக நேரம் பார்த்து வராது.

“மரத்துப்போன மாதிரி இருக்கு மச்சான். தூக்க வரல” என்று கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பட்டியலைப் பிடிக்க முடிகிறதா?” என்றேன்.

“பிடிக்கலாம்லா. ஆனா என்னமோ மாதிரி இருக்கு.”

“என்னமோ மாதிரி” என்பதற்கு இந்த உலகத்தில் குறியீடு கிடையாது.

பக்கவாதமாக இருக்குமோ என்று எனக்கும் ஒரு கணம் பயம் வந்தது. அந்த அளவுக்கு நான் மனிதன்தான். வாயைத் திறக்கச் சொன்னேன். சிரிக்கச் சொன்னேன். நாங்கள் குடியிருக்கும் தாமானின் முழுப் பெயரையும் சொல்லச் சொன்னேன். வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை, கால் நன்றாக நடந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போலாம்டா” என்றாள் வசந்தா. “நிச்சயம் முடியட்டும்க்கா, தானா சரியாப் போயிரும்” என்றான் அவன். டாக்டரிடம் போனால் என்ன கிடைக்கும், எம்சிதான் கிடைக்கும் என்று நானும் சொன்னேன். (வேலைக்கு வர முடியாது என்று டாக்டர் எழுதித் தரும் அந்தச் சீட்டுகள்மீது எனக்கு என்றுமே நல்ல அபிப்பிராயம் கிடையாது. திங்கட்கிழமைகளில் அவை கூடுதலாக முளைப்பதைக் கவனித்திருக்கிறேன்.) இப்போது யோசித்தால், அந்த வாரம் முழுவதும் நான் செய்த பாவங்களில் அதுதான் பெரியது.

அன்று நாட்குறிப்பில் பாலாவின் பெயருக்கு எதிரே R29.8 என்று எழுதினேன். ஒரு பழக்கத்தில் எழுதியதுதான். ஆனால் எந்த மருத்துவரும் எழுதாத ஒன்றுக்கு நான் குறியீடு போட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து ஆய்வு தொடங்கியது.

புதன் காலை 7.05: கார் சாவியை எதிர்பாராத நேரத்தில் அவனை நோக்கி வீசினேன். இடது கையால் பிடித்தான். முப்பது ஆண்டுகளாக வலது கையால் கத்தரி பிடிப்பவன், யோசிக்க நேரமில்லாதபோது இடது கையை நீட்டுவானா? முன்கூட்டியே தயாராக இருக்கிறான் என்று எழுதினேன். (சாவியைப் பிடிக்காமல் விட்டிருந்தால் ‘வேண்டுமென்றே விட்டான்’ என்று எழுதியிருப்பேன். அந்த வாரம் பாலா என்ன செய்திருந்தாலும் குற்றவாளிதான்.)

புதன் மாலை 5.40: கடையிலிருந்து வந்த பத்துக் கிலோ அரிசிப் பையை, முழங்கையை மடக்கி அணைத்துக்கொண்டு சமையலறைக்குத் தூக்கிப் போனான். வலது கையால்! ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். இரவுச் சாப்பாட்டில் அதே கை முள்கரண்டியை எடுக்க முடியாமல் தடுமாறியது. அரிசியைத் தூக்கும் கை, முள்கரண்டியைத் தூக்காதா?

வியாழக்கிழமை அலுவலகத்தில் பிரேமாவிடம், பெயரைச் சொல்லாமல் கேட்டேன். “ஒரு நோயாளி பத்துக் கிலோவைத் தூக்குகிறார், முள்கரண்டியைத் தூக்கமாட்டேன் என்கிறார். என்ன நினைக்கிறாய்?”

“டாக்டர் என்னா எழுதியிருக்காரு அங்கிள்?”

“டாக்டர் இன்னும் எழுதவில்லை.”

“அப்ப நாம என்னாத்துக்கு நெனைக்கணும்? நீங்கதானே சொன்னீங்க, டாக்டர் எழுதாம நாம ஒன்னும் செய்யக் கூடாதுன்னு.”

சில நேரங்களில் நன்றாகச் சொல்லிக்கொடுப்பதும் ஆபத்துதான். பேச்சை மாற்றி, ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்துக்கு அவசியம் வர வேண்டும் என்று அழைத்தேன். அந்த அழைப்பும் பின்னால் எனக்கே வினையாக முடிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை 6.10-க்குத்தான் வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டின் பின்பக்கம் துணி காயும் இடத்தில், சுவரைப் பார்த்தபடி பாலா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் எங்கே போனாலும் கொண்டுபோகும் தோல் பை. வலது கையில் கத்தரி. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கத்தரி மூடியது. மூடும் சத்தம்கூடக் கேட்டது. யாரும் பார்க்காத இடத்தில் கத்தரி பிடிக்கிறான்! என் முன்னால் மட்டும் முள்கரண்டி கனக்கிறது!

கத்தரி மூடியதைப் பார்த்தேன். அதை அவன் இடது கையால் திறந்து, மறுபடி வலது கைக்குக் கொடுத்து, மறுபடி இடது கையால் திறந்துகொண்டிருந்ததையும் பார்த்தேன். பார்த்ததெல்லாம் கண்ணில் விழுந்தது. எழுதியது என்னவோ ‘கத்தரி இயங்குகிறது’ என்று மட்டும்தான். அவன் ஏன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், ஏன் அடிக்கடி தோளால் கன்னத்தைத் துடைத்துக்கொள்கிறான் என்பதற்கு என் நாட்குறிப்பில் கட்டம் இல்லை.

உள்ளே போய் நாட்குறிப்பைத் திறந்தேன். அலுவலகத்தில் திருத்தம் செய்யும் முறைப்படி R29.8-இன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் தேதியும் என் சுருக்கொப்பமும் போட்டேன். அதன் கீழே, என் வாழ்க்கையில் முதல் முறையாக, Z76.5 என்று எழுதினேன். மனத்தில் ஒரு நிறைவு வந்ததை மறைக்கமாட்டேன்.

காரணமும் எனக்குத் தெளிவாகிவிட்டது. சோம்பல் இல்லை. மனவருத்தம். எங்கள் குடும்பத்தில் பெண் வீட்டுத் தாம்பூலத் தட்டைத் தாய்மாமன்தான் மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். மாமன் கொடுக்கவில்லை என்றால் வந்தவர்கள் எல்லாரும் “மாமன் எங்கே? சம்மதம் இல்லையா?” என்று கேட்பார்கள். தன்னைக் கேட்காமல் பேசி முடித்ததற்கு, சபையில் தட்டைத் தொடாமல் பழிவாங்கப் போகிறான். அதற்குத்தான் இந்தக் கை நாடகம்.

சனிக்கிழமை காலை அவனே வந்து என் ஊகத்தை உறுதி செய்தான்.

“மச்சான், நாளைக்குத் தட்ட நீங்களே கொடுத்திருங்களேன். நா பக்கத்துல நின்னுக்குறேன்.”

“ஏன் பாலா?”

“கை சரியில்லலா. சபையில ஏதாச்சும் ஆயிருச்சுன்னா திவ்யாவுக்குத்தான் அசிங்கம்.”

“ஒன்றும் ஆகாது. தட்டு லேசான தட்டுதான்.”

அன்று மாலை லேசான எவர்சில்வர் தட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வசந்தாவின் கல்யாணச் சீராக வந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தை வெளியே எடுத்தேன். இருபுறமும் கைப்பிடி வளையம் வைத்தது. கனமானது. சபைக்கு முன்னால் அதை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். அறுபது பேர் பார்க்கும்போது மானத்துக்குப் பயந்து கை தானாக வேலை செய்யும். இதுதான் என் திட்டம். இதை நினைத்து நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

ஞாயிறு காலை 10.20. வாசலில் கெனோப்பிக்குக் கீழே மாப்பிள்ளை வீட்டார் ஒருபக்கம், நாங்கள் ஒருபக்கம். அவர்கள் சித்தியவானிலிருந்து வந்தவர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் ‘வணக்கம்’ சொன்னாலே நமக்கு எழுந்து நிற்கத் தோன்றும். அவர்தான் தட்டை வாங்குகிறவர்.

தேங்காய், வெற்றிலை, பாக்கு, வாழைப்பழச் சீப்பு, ஆரஞ்சு, பட்டுப்புடவை எல்லாம் அடுக்கிய தாம்பாளத்தை நானே தூக்கிவந்து பாலாவின் முன் நீட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். இடது கையால் ஒரு வளையத்தைப் பிடித்தான். வலது கை விரல்களை, இடது கையின் பெருவிரலால் தள்ளித் தள்ளி, மற்ற வளையத்துக்குள் மாட்டிக்கொண்டான். தட்டு நின்றது. நின்றதே! என் பக்கத்தில் நின்ற பிரேமாவைப் பார்த்துப் புன்னகை செய்தேன். அவளுக்கு ஏனென்று புரியவில்லை.

பெரியப்பா முன்னால் வந்து தட்டை அடியில் தாங்கிப் பிடித்தார். பாலா குனிந்து கொடுத்தான். தட்டு போகவில்லை.

“கொடுங்க” என்றார் பெரியப்பா சிரித்தபடி.

“கொடுத்துட்டேங்க.”

“எங்க கொடுத்தீங்க? பிடிச்சிக்கிட்டு இருக்கீங்களே.”

“விட வரலங்க.”

“வரலன்னா?”

பெரியப்பா தன் பக்கம் இழுத்தார். பாலா தட்டோடு ஓரடி முன்னால் போனான். மரியாதைக்காக அவன் பின்வாங்கினான். தட்டோடு பெரியப்பா ஓரடி இந்தப் பக்கம் வந்தார். வீடியோ எடுப்பவர் இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்து இன்னும் நெருங்கி வந்தார். பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது.

“என்னாலா, மாமன் தட்ட விட மாட்டேங்குறாரு?”

“மாமன கேக்காம பேசி முடிச்சாங்களாமே.”

“அதான்லா கோவம்!”

பெரியப்பாவின் சிரிப்பு மறைந்தது. “இங்க பாருங்க, சம்மதம் இல்லன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம். நாங்க இவ்ளோ தூரம் வந்திருக்க வேணாம்.”

திவ்யா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. பாய்ந்து போய், “பாலா, விடு. நடிச்சது போதும்!” என்று சொல்லித் தட்டின் நடுவில் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். மெதுவாகத்தான் சொன்னதாக எனக்கு நினைவு. மூன்றாவது வரிசை வரை கேட்டதாகச் சாட்சிகள் இருக்கிறார்கள்.

தாம்பாளம் கவிழ்ந்தது. பாக்கு சிதறியது. ஆரஞ்சுகள் ஆளுக்கொரு திசையில் ஓடின. தேங்காய் கெனோப்பியைத் தாண்டி, வாசல் சரிவில் நிதானமாக உருண்டு, லோங்காங்கில் விழுந்தது. அந்தச் சாக்கடைத் தண்ணீரில் அது விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

காலியான தட்டு மட்டும் பாலாவின் வலது கையில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போதும் அவன் விரல்கள் வளையத்தை விடவில்லை.

“எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்க” என்று ஒரு குரல். மாப்பிள்ளையின் அத்தை, சிவகாமி அம்மா. அரசாங்க ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை அளிப்பவர் என்று பிறகு தெரிந்தது. அவர் பாலாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டைக் கழற்றினார்.

“தம்பி, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க.”

நீட்டினான். இடது கை நேராக நின்றது. வலது கை மணிக்கட்டிலிருந்து, கொடியில் போட்ட ஈரத்துண்டுபோல் கீழே தொங்கியது.

“மேல தூக்குங்க.”

தொங்கியது.

“விரல மடக்குங்க.” மடங்கியது. “இப்ப திறங்க.”

திறக்கவில்லை. ஐந்து நாட்களாக நான் பார்த்த அதே கைதான் அது. அப்போதுதான் வெள்ளிக்கிழமைக் கத்தரியை நினைத்துக்கொண்டேன்.

“எப்பலேர்ந்து இப்படி இருக்கு?” என்றார் அத்தை.

“செவ்வாய்க்கிழமைலேர்ந்து” என்று பாலா சொல்லி முடிப்பதற்குள், “மாலை 4.31-லிருந்து” என்றேன் நான்.

எல்லாரும் திரும்பினார்கள். “என் நாட்குறிப்பில் இருக்கிறது” என்று சொல்லி, உள்ளே ஓடி, அதை எடுத்தும் வந்தேன். (எதற்காக எடுத்து வந்தாய் என்று இன்றுவரை கேட்கிறார்கள். வீடு தீப்பற்றி எரிந்தாலும் நான் முதலில் மணி பார்ப்பேன். என் பிறவி அப்படி.)

“அதுக்கு முன்னாடி என்னா செஞ்சிக்கிட்டிருந்தாரு?” என்று கேட்டார் அத்தை.

நான் கணீரென்று வாசித்தேன். “2.10: பாலா ஹாலில் மர நாற்காலியில் உறங்குகிறான். வலது கை நாற்காலி முதுகின் மேல் மடிந்து தொங்குகிறது. சோபாவைத் தொடவில்லை. திருப்தி. 3.05: அதே நிலை. சோபா பத்திரம். 3.50: அதே நிலை.”

“ஏன் சோபால படுக்கல?”

இங்கே ஒரு விளக்கம் தேவை. நிச்சயத்துக்காகச் சோபாவுக்குப் புது உறை போட்டிருந்தேன். அதன் மேல் பிளாஸ்டிக் சுற்றி, ‘ஞாயிறு வரை யாரும் அமரக் கூடாது’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டியிருந்தேன். விருந்தாளி அறைக் கட்டிலில் சீர்ப்பொருட்களை எண் போட்டு அடுக்கியிருந்தேன். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கதவு திறந்திருந்தது. அறுபது பேரும் எட்டிப் பார்த்து, அந்த அறிவிப்பை இரண்டு மொழியிலும் படித்தார்கள்.

“மூணு தடவ பாத்திருக்கீங்க” என்றார் அத்தை. “ஒரு தடவகூட எழுப்பலயா?”

“எழுப்பினால் சோபாவுக்குப் போய்விடுவானோ என்று...”

வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமலேயே எல்லாருக்கும் புரிந்தது.

அத்தை எளிமையாக விளக்கினார். மேல்கை எலும்பின் பின்னால் சுற்றிவரும் ஒரு நரம்புதான் மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துகிறது. சளி மாத்திரை போட்டு அசந்து தூங்கியவனுக்கு, நாற்காலியின் மர விளிம்பு இரண்டு மணி நேரம் அதை நசுக்கியது தெரியவில்லை. முழங்கை மடங்கும், அதனால் அரிசி தூக்கலாம். விரல் மடங்கும், அதனால் பிடிக்கலாம். விடத்தான் முடியாது. “அநேகமா திரும்ப வந்துரும் தம்பி. ஆனா முதல் நாளே டாக்டர்கிட்ட காட்டியிருக்கணும்.” பேசிக்கொண்டே அவர் நாட்குறிப்பின் பக்கத்தைப் புரட்டினார். “இது என்னா நம்பர்? கோடு போட்டு அடிச்சு, கீழ இன்னொன்னு எழுதியிருக்கு?”

“அது அலுவலக விஷயம்” என்றேன்.

பிரேமா எட்டிப் பார்த்தாள். “ஐயோ அங்கிள்.”

“என்னாம்மா அது?” என்றார் அத்தை.

குறியீட்டை வாசித்தால் அதன் பொருளை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான்தான். “நோய் இருப்பதாக வேண்டுமென்றே நடிப்பவர்” என்று ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, உண்மையான வருத்தத்தோடு கேட்டாள். “டாக்டர் எழுதாம நீங்களே போட்டீங்களா அங்கிள்?”

வசந்தா சமையலறைக்குப் போனாள். வாழைத்தண்டு வெட்டும் கத்தியோடு திரும்பி வந்தாள். எனக்காகத்தான் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் நேராக ஹாலுக்குப் போய், சோபாவின் பிளாஸ்டிக் உறையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிழித்தாள். என் அறிவிப்பும் சேர்ந்து கிழிந்தது. தம்பியின் தோளைப் பிடித்து அழைத்துப் போனாள்.

“படுடா.”

“அக்கா, செருப்பு போட்டிருக்கேன்.”

“செருப்போட படு.”

அவன் படுத்தான். வாசலில் நின்ற பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கேட்டார். “அப்ப, மாமனுக்கு இந்தச் சம்பந்தத்துல சம்மதந்தானே?”

சோபாவிலிருந்து பதில் வந்தது. “எனக்குச் சம்மதங்க. கைதான் கொஞ்சம் அடம் பிடிக்குது.”

முதலில் பெரியப்பா சிரித்தார். பிறகு அறுபது பேரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு லிம், நடந்தது எதுவும் புரியாமலேயே, லோங்காங்கிலிருந்து தேங்காயை எடுத்துக் குழாயில் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். எவர்சில்வர் தட்டில், வேறு தேங்காய் வைத்து, திவ்யா மாமனின் கையைத் தன் கையால் தாங்கிக்கொள்ள, தாம்பூலம் மாறியது. நேரம் 11.05. அதை எழுத எனக்கு அன்று மனம் வரவில்லை. பிறகு வீடியோவைப் பார்த்துத்தான் எழுதினேன்.

எல்லாரும் போன பிறகு பாலாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். காப்பி வேண்டுமா என்று கேட்டேன்.

“மச்சான், கல்யாணத்த என்னைக் கேக்காம பேசி முடிச்சீங்கன்னு எனக்கு வருத்தம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. அதுக்கு ஒரு நாள் பேசாம இருந்திருப்பேன். கைய வச்சி யாராச்சும் விளையாடுவாங்களா? அஞ்சு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. இந்தக் கை வரலன்னா கடையே இல்ல. வேற ஒன்னும் தெரியாது எனக்கு.”

கன்னத்தைத் தோளால் துடைத்துக்கொண்டான். இந்த முறை அதற்கென்று தனிக் கட்டம் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக எங்கள் மருத்துவமனைக்கே அழைத்துப் போனேன். நரம்பு மருத்துவர் பார்த்து, மணிக்கட்டுக்குத் தாங்கி ஒன்று கொடுத்தார். சில வாரங்கள் ஆகும் என்றார். எத்தனை வாரம் என்று கேட்டேன். “அது உங்கள் நாட்குறிப்புக்குத் தெரியாது” என்றார். (விஷயம் அதற்குள் மூன்றாவது மாடிக்கு எப்படிப் போனது என்று பிரேமாவைக் கேட்டேன். அவள் ஒரு கோப்பை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.)

சில நாள் கழித்து அந்தக் கோப்பு என் மேசைக்கே வந்தது. உறவினர் கோப்பை நாம் தொடக்கூடாது. பிரேமாவிடம் தள்ளினேன். அவள் சத்தமாக வாசித்துக்கொண்டே பதிவு செய்தாள். ஆர நரம்புப் பாதிப்பு, G56.3. சம்பவம் நடந்த இடத்துக்கும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கும் தனித்தனி எண்கள் உண்டு.

“இடம், வீடு. செயல், ஓய்வு அல்லது உறக்கம். சரியா அங்கிள்?”

“சரி.”

“யார் வீடுன்னு எழுத இடம் இல்ல.”

“இல்லை.”

“நல்லவேளைலா” என்றாள்.

பாலாவின் கை திரும்பப் பத்து வாரம் ஆனது. அந்தப் பத்து வாரமும் சனிக்கிழமைகளில் ஆயர் தாவாருக்குப் போய், அவன் கூலிக்கு வைத்திருந்த ஆளுக்குத் துணையாகக் கடையில் நின்றேன். வாடிக்கையாளர்களுக்கு நேரம் குறித்து எண் கொடுத்தேன். ஒருவருக்குப் பதினெட்டு நிமிடம் என்று கணக்கிட்டேன். மூன்றாவது வாரம் பாலா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மச்சான், ஆளுங்க இங்க முடி வெட்ட மட்டும் வரல, கத பேச வராங்க. நீங்க கூட்டுறத மட்டும் பாருங்க” என்றான். விளக்குமாறைக் கொடுத்தான். கூட்டினேன். ஆறாவது வாரம் மணிக்கட்டு ஒரு விரற்கடை எழுந்தது. கடையில் இருந்த எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். நான் மணி பார்க்க மறந்தேன்.

கை முழுதாக வந்ததும் முதல் சவரத்துக்கு என்னைத்தான் உட்கார வைத்தான். நுரை பூசினான். கத்தியை எடுத்தான். பத்து வாரம் சும்மா இருந்த கை. தாடைக்குக் கீழே, தொண்டைக்குழியின் மேல் கத்தியை வைத்து, அப்படியே நிறுத்தினான்.

“மச்சான், இப்ப நம்புறீங்களா?”

அந்த நிலையில் தலையாட்ட முடியாது. பேசவும் முடியாது. கண்ணை இறுக்கி மூடித் திறந்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கத்தி ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

ஈப்போவில் என் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஒரு முடிதிருத்தும் கடை இருக்கிறது. ஆனாலும் மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் ஆயர் தாவாருக்குத்தான் போகிறேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் முடி வெட்டிக்கொண்ட பிறகும் போவதில்லை, எனக்காகக் காத்திருக்கிறார்கள். திவ்யாவும் மாப்பிள்ளையும்கூட ஒருமுறை வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் கத்தி நிற்கிறது. அதே கேள்வி வருகிறது. நான் அதேபோல் கண்ணை மூடித் திறக்கிறேன். எவ்வளவு நேரம் நிறுத்துகிறான் என்பதில்தான் இப்போது போட்டி. சென்ற மாதம் பதினொரு வினாடி. நான் எண்ணவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து, சத்தமாக, எண்ணிச் சொன்னார்கள்.